தம்பி முன்பு குழப்பிப் பேசினான், இப்போது பேசுவதே இல்லை (மனச்சிதைவும் பேச்சும்)

தல்லாகுளத்தான்

என் தம்பிக்கு 26 வயது. போன வருடம் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் பல மாதம் அவன் பேசியது வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டால் "சாப்பாடு, பாடு, பாட்டுக்காரன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான், அதனாலதான் தாலுகா ஆபீஸ்ல என் பேர மாத்திட்டாங்க" என்று போகும். தனித்தனியாக எடுத்தால் எல்லாம் நல்ல தமிழ், சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் நிற்காது.

மாத்திரைக்குப் பிறகு அதெல்லாம் அடங்கிவிட்டது. காதில் கேட்கிற குரலும் குறைந்துவிட்டதாகச் சொல்கிறான். ஆனால் இப்போது எதைக் கேட்டாலும் "ம்", "இல்ல", "தெரியல", அவ்வளவுதான். தானாக ஒரு பேச்சை ஆரம்பிப்பதே கிடையாது. கேள்வி கேட்டுவிட்டு நாம் வேறு வேலைக்குப் போன பிறகு பதில் வருகிறது, அதுவும் ஒரே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல். மாத்திரை போட்டுப் போட்டு மழுங்கிவிட்டான், நிறுத்துங்கள் என்கிறார் மாமா. அப்பா இதைச் சோம்பேறித்தனம் என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது நோயா, மாத்திரையா, அவன் குணமா? படித்தவர்கள், வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். விளம்பரம் போடுகிறவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

மருதாணி

தம்பி, யார் சொன்னாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்கிறேன். நான் மனநல சமூகப் பணியாளர், சென்னையில் ரொம்ப வருடமாக இதே வேலைதான்.

நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே நோயின் இரண்டு முகங்கள். வெளியாட்கள் எல்லோரும் முதல் முகத்தைத்தான் பார்க்கிறார்கள், ஏனென்றால் அது சத்தமாக இருக்கிறது. ஒரு விஷயத்தில் ஆரம்பித்து, நடுவில் தடம் புரண்டு வேறெங்கோ போய்விடுவது. கேட்டதற்குப் பக்கத்தில் உள்ள எதையோ பதிலாகச் சொல்வது. "சாப்பாடு, பாடு, பாட்டுக்காரன்" என்று அர்த்தத்தை விட்டுவிட்டு ஓசையைப் பிடித்துக்கொண்டு போவது. சில பேர் புதுச் சொல்லே உண்டாக்குவார்கள். இன்னும் முற்றினால் சொற்கள் வெறும் கதம்பமாகக் கொட்டும்.

1979இல் அமெரிக்காவில் நான்சி ஆண்ட்ரியாசன் என்ற மனநல மருத்துவர் இவற்றையெல்லாம் பெயர் வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுகிற மாதிரி ஓர் அளவுகோல் கொண்டுவந்தார். மொத்தம் 18 வகை. அதற்கு முன்னால் "சிந்தனைக் கோளாறு" என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டுப் போவார்கள், ஒருவர் எழுதியது இன்னொருவர் எழுதியதோடு ஒத்துப்போகாது. அவர் பார்த்ததில் இரண்டு விஷயம் முக்கியம். நாம் பைத்தியப் பேச்சு என்று சினிமாவில் பார்க்கிற புதுச்சொல்லும் ஓசைத் தாவலும் உண்மையில் ரொம்ப அபூர்வம். அப்புறம், தடம் புரண்டு ஓடுகிற பேச்சு மனச்சிதைவுக்கு மட்டும் சொந்தமில்லை, பித்தெழுச்சியில் (மேனியா, அதாவது மனம் கட்டுக்கடங்காமல் பொங்கி எழும் நிலை) இருப்பவர்களிடமும் அதே அளவுக்கு வரும். பேச்சை மட்டும் கேட்டுவிட்டு இன்ன நோய் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது முகம்தான் இப்போது உங்கள் வீட்டில் இருப்பது. பேச்சு வறட்சி. வார்த்தை குறையும், பதில் தாமதமாகும், குரல் தட்டையாகும். சிலர் நிறையப் பேசுவார்கள், ஆனால் பத்து வாக்கியம் பேசியும் ஒரு தகவல் இருக்காது, அதுவும் இந்தக் கணக்கில்தான் சேரும். குரல்களையும் சந்தேகங்களையும் அடக்குகிற அளவுக்கு மாத்திரைகள் இதை அடக்குவதில்லை. குழப்பப் பேச்சு பெரும்பாலும் வடிந்துவிடும், வறட்சி தங்கிவிடும். வேலை, கல்யாணம், சிநேகிதம் எல்லாவற்றையும் கெடுப்பது இந்த வறட்சிதான் என்பது என் அனுபவம். ஆனால் யாரும் இதற்காக ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. "இப்ப அமைதியா இருக்காங்க மேடம்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள்.

நெட்டைக்கொக்கு

தவறாக நினைக்க வேண்டாம், ஆனால் இந்த "தடம் புரளல்" எங்கள் பெரியப்பாவுக்கு நாற்பது வருடமாக இருக்கிறது. தக்காளி விலையைக் கேட்டால் எமர்ஜென்சியில் போய் நிற்பார். அவருக்கும் மதிப்பெண் போடலாமா?

மருதாணி

போடலாம், குறைவாகத்தான் வரும். உங்கள் பெரியப்பா எமர்ஜென்சியில் நின்றாலும் "எதுக்குச் சொல்ல வந்தேன்னா" என்று தக்காளிக்குத் திரும்பி வருவார், இல்லையா? நீங்கள் நடுவில் நிறுத்தினால் எங்கே விட்டார் என்று அவருக்குத் தெரியும். சுற்றி வளைத்தாலும் ஊர் போய்ச் சேர்கிற பேச்சுக்குத் தனிப் பெயரே உண்டு, அந்த 18இல் அதுவும் ஒன்று. திரும்பி வரும் வழி தெரியாமல் போவதுதான் கவலைப்பட வேண்டியது.

கணியன்

மொழியியல் பக்கத்திலிருந்து கொஞ்சம். இதில் ஒரு பழைய சண்டை உண்டு, எனக்குப் பிடித்த சண்டை.

1974இல் எலைன் சைக்கா என்ற மொழியியலாளர் ஒரு நோயாளியின் பேச்சை எடுத்து அலசி, இங்கே மொழித்திறனே அவ்வப்போது உடைகிறது, மூளை அடிபட்டு மொழி போய்விடுகிற பேச்சிழப்பு நோயில் நடப்பதைப் போல, என்று எழுதினார். மறு வருடமே விக்டோரியா ஃபிராம்கின் என்ற இன்னொரு மொழியியலாளர் அதே தலைப்பைக் கிண்டலாகத் திருப்பி வைத்து ஒரு மறுப்பு எழுதினார். அந்தம்மா சாதாரண மனிதர்களின் வாய் தவறுதல்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தவர். சைக்கா காட்டுகிற பிழைகள் எல்லாம் நம் எல்லோரிடமும் வருகின்றன, இலக்கணம் உடையவில்லை, உடைந்திருப்பது எண்ணத்தின் கோவை என்பது அவர் வாதம்.

இரண்டு பேரில் யார் சரி என்று கேட்டால் நான் ஃபிராம்கின் பக்கம்தான் அதிகம் சாய்வேன். தல்லாகுளத்தான் எழுதிய வாக்கியத்தையே பாருங்கள். "பாட்டுக்காரன் வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்". எழுவாய்க்கு ஏற்ற வினைமுற்று, வேற்றுமை உருபு, துணைவினை, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அடுத்த வாக்கியமும் அப்படித்தான். நடுவில் உள்ள "அதனாலதான்" மட்டும் எதையும் எதோடும் கட்டவில்லை. நீண்ட, பல கிளை உள்ள வாக்கியங்கள் குறையும் என்று காட்டியவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் முக்கியமான சிக்கல் வாக்கியத்துக்கு உள்ளே இல்லை, வாக்கியங்களுக்கு நடுவே இருக்கிறது.

1979இல் ஷெர்ரி ராச்சஸ்டரும் ஜே. ஆர். மார்ட்டினும் இதைத்தான் பிடித்தார்கள். கேட்கிறவர் ஏன் தொலைந்து போகிறார் என்று பார்த்தால், பேசுகிறவர் "அவன்", "அது", "அங்க" என்று சொல்வதற்கு முன்னால் யார், எது, எங்கே என்று சொல்லியிருக்க மாட்டார். சொன்னதாக நினைத்துக்கொள்வார். எதிரில் உள்ளவருக்கு இதுவரை என்ன தெரியும், என்ன தெரியாது என்று நாமெல்லாம் நம்மை அறியாமல் ஒரு கணக்கு வைத்துக்கொண்டே பேசுகிறோம். அந்தக் கணக்கு விட்டுப்போகிறது.

தமிழில் இது இன்னும் மோசமாகும் என்பது என் ஊகம். நாம் எழுவாயை விட்டுவிட்டே பேசுகிற கூட்டம். "வந்தான், பாத்தான், குடுத்துட்டுப் போயிட்டான்" என்றால் நமக்குள் யார், எதை, யாரிடம் எல்லாம் தெரியும். அந்தக் கணக்கு தப்பிய ஒருவர் இப்படிப் பேசினால் பிடிக்க ஒரு கொம்பும் இருக்காது. அதே சமயம் இன்னொரு ஆபத்து: புலி கிலி, காபி கீபி என்று சொல்வது நம் இயல்பு. எதுகை மோனை இல்லாமல் நமக்குப் பழமொழியே கிடையாது. ஆங்கில அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வைத்தால் பாதி ஊர் ஓசைத் தாவலில் மாட்டும்.

மருதாணி

பழமொழி என்றதும் நினைவு வந்தது. மனநிலைப் பரிசோதனையில் பழமொழிக்கு அர்த்தம் கேட்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. "யானைக்கும் அடி சறுக்கும்" என்றால் என்ன? சிலர் "யானை வெயிட்டு, ஈரத்துல வழுக்கும்" என்பார்கள். சொல்லுக்குப் பின்னால் இருக்கிற பொருளுக்குப் போகாமல் சொல்லிலேயே நின்றுவிடுவது. கேலியும் கிண்டலும் பிடிபடாமல் போவது இதன் அண்ணன் தம்பிதான், அதனால் வீட்டில் குத்தலாகப் பேசுவதை நிறுத்தச் சொல்வேன், அவர்களுக்கு அது நேர்ப்பொருளில் போய் விழும். ஆனால் இந்தச் சோதனையில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது. இப்போதைய இருபது வயதுப் பிள்ளைகளிடம் "அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்" என்றால் அம்மி என்றால் என்ன என்று கேட்கிறார்கள். அதை நோய்க் கணக்கில் எழுத முடியுமா?

ஒரு_குரல்

இந்தத் தளத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. எனக்கு இந்த நோய் இருக்கிறது, 14 வருடம் ஆகிறது, வேலைக்குப் போகிறேன். எல்லோரும் வெளியிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறீர்கள், உள்ளேயிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

குழப்பிப் பேசிய நாட்களில் நான் குழப்பிப் பேசுகிறேன் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் ரொம்பத் தெளிவாக இருந்தது, சொல்லப்போனால் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக எதுவும் இருந்ததில்லை. பாட்டுக்காரனுக்கும் தாலுகா ஆபீசுக்கும் தொடர்பு பளிச்சென்று தெரியும். எதிரில் இருப்பவர் விழிக்கும்போது, இவர் புரியாத மாதிரி நடிக்கிறார் என்றுதான் தோன்றும். அப்புறம் ஒவ்வொரு சொல்லும் நாலு பக்கம் கதவைத் திறக்கும். நீங்கள் ஒரு சொல்லைச் சொல்லும்போது அதன் வேறு அர்த்தமெல்லாம் வாயை மூடிக்கொண்டு பின்னால் நிற்கும் என்று நினைக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றன.

இப்போதுள்ள அமைதி வேறு. அதில் மூன்று நான்கு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, பேச ஆரம்பித்தால் பாதியில் எண்ணம் அப்படியே அறுந்துவிடும், மங்கலாகக்கூட ஒன்றும் இருக்காது, வெறுமை. நாலு பேர் முன்னால் அது இரண்டு தடவை நடந்தால் அப்புறம் வாயைத் திறக்கத் தோன்றாது. இன்னொன்று, நீங்கள் கேள்வி கேட்கும் அதே நேரத்தில் இன்னொரு குரலும் உள்ளே பேசிக்கொண்டிருந்தால் முதலில் எது வெளியே இருந்து வந்தது என்று பிரிக்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் நீங்கள் கேள்வியை மாற்றி வேறு மாதிரி கேட்டுவிடுவீர்கள். நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதற்கு "தெரியல" என்று சொல்லிவிடுவது எவ்வளவோ மேல். தம்பி "தெரியல" என்று சொல்லும்போது அவருக்குத் தெரியாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, பயம். நான் பேசியதைத்தான் ஆதாரமாக வைத்து என்னை அட்மிட் செய்தார்கள். அப்படி இருக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகத் தோன்றுமா தோன்றாதா?

நெட்டைக்கொக்கு

மேலே கிண்டலாக எழுதியவன்தான். கடைசி வரியைப் படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஈரோட்டு_மஞ்சள்

இதெல்லாம் சரி, ஆனால் தனக்குள் இரண்டு குரலில் பேசுவது, தெரியாத பாஷை பேசுவது இதெல்லாம் டாக்டர் விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பெண் அப்படித்தான் பேசியது. கோவிலில் 48 நாள் வைத்திருந்தார்கள், சரியாகிவிட்டது. ஒரு தடவை போய்ப் பார்ப்பதில் என்ன தப்பு?

மருதாணி

கோவிலுக்குப் போவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. குணசீலத்துக்குப் போய்விட்டு மாத்திரையும் சாப்பிடுகிற குடும்பங்கள் எத்தனையோ. மாத்திரையை நிறுத்திவிட்டு, கட்டிப்போடுகிற இடத்தில் விடுவதுதான் பிரச்சினை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் பக்கம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் எத்தனை பேரை "பேய் பேசுது" என்று கொண்டுவந்து விட்டார்களோ.

குரல்களைப் பற்றி ஒரு விஷயம், நம் ஊரைச் சேர்ந்தது என்பதால் சொல்கிறேன். தான்யா லூர்மான் என்ற மானிடவியலாளர் கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ, கானாவின் அக்ரா, நம்ம சென்னை, மூன்று இடத்திலும் 20 பேர் வீதம் பேட்டி எடுத்தார். சென்னையில் இதைச் செய்தது ஸ்கார்ஃபில், மனநல மருத்துவர் சாரதா மேனன் அம்மா மனச்சிதைவு உள்ளவர்களுக்காக 1984இல் ஆரம்பித்த அமைப்பு. ஸ்கார்ஃபின் பத்மாவதியும் ஹேமா தரூரும் அதில் சேர்ந்து எழுதினார்கள், 2015இல் வெளியானது. அமெரிக்காவில் கேட்டவர்களுக்குக் குரல் என்றால் முகம் தெரியாத தாக்குதல், சித்திரவதை, ரத்தம், சண்டை. அக்ராவில் நிறையப் பேருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சொந்தக்காரர் குரல். அம்மா, மாமியார், நாத்தனார். குளி, சமை, வீட்டைச் சுத்தம் செய் என்று ஏவுகிற குரல், திட்டவும் செய்யும். சென்னைக் குரல்கள் எல்லாம் சாது என்று அர்த்தமில்லை, கேட்கக் கூசுகிற விஷயம் பேசிய குரல்களும் உண்டு. ஆனால் ஒருவரின் மண்டைக்குள் பேசுவது யார் என்பதைக்கூட அவர் வளர்ந்த வீடு தீர்மானிக்கிறது என்று தெரிகிறது.

கணியன்

அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதிலும் மொழிதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. 1949இல் லூயி கூல்ட் என்ற மருத்துவர், குரல் கேட்கிற ஒரு பெண்ணின் தொண்டையில் வருகிற மிக மெல்லிய முணுமுணுப்பைச் சத்தம் கூட்டிக் கேட்டார். அந்த முணுமுணுப்பில் இருந்ததும், குரல் சொன்னதாக அந்தப் பெண் சொன்னதும் ஒத்துப்போயின. 1993இல் லண்டனில் ஃபிலிப் மக்வைர் குழு, குரல் கேட்கும் நேரத்தில் மூளையின் புரோகா பகுதியில் ரத்த ஓட்டம் கூடுவதைக் காட்டியது. புரோகா என்றால் பேச்சை உண்டாக்குகிற பகுதி. அதாவது தான் உள்ளே பேசுவது தன்னுடையது என்ற முத்திரை விழாமல், வெளியிலிருந்து வருவதாகப் படுகிறது என்பது ஒரு விளக்கம். இதற்கு ஒத்துவராத கேஸ்களும் நிறைய இருக்கின்றன, முடிந்த கதை இல்லை.

பிரிட்டனில் டிம் குரோ என்ற மனநல மருத்துவர் இன்னும் மேலே போய், மொழி என்ற ஒன்றைப் பெற்றதற்கு மனித இனம் கொடுக்கிற விலைதான் மனச்சிதைவு என்றார். கேட்க அழகாக இருக்கிறது, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஒரு_குரல்

முணுமுணுப்பு பற்றி: பழைய பாட்டை மெல்ல ஹம்மிங் பண்ணினால் எனக்குக் குரல் பின்னால் போகிறது. பஸ்ஸில் பண்ணினால்தான் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு இடத்துக்குப் போகிறார்.

பைட்டு_பாண்டி

நான் மென்பொருள் ஆள். பேச்சைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து நோய் வரப்போவதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று செய்தி வந்ததே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2015இல் கில்லிண்டர் பேடி, கில்லர்மோ செக்கி, ஷெரில் கொர்கோரன் குழு செய்தது. மனப்பிறழ்வு (சைக்கோசிஸ், மனச்சிதைவு போன்ற நிலை) வரும் அபாயம் இருப்பதாகக் கருதப்பட்ட 34 இளைஞர்களிடம் பேட்டி எடுத்து, அடுத்தடுத்த வாக்கியங்களின் பொருள் எவ்வளவு நெருக்கம், வாக்கியம் எவ்வளவு நீளம் என்று கம்ப்யூட்டர் நிரல் அளந்தது. பின்னாளில் யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஒன்றுகூடத் தப்பாமல் பிரித்துவிட்டது. நூற்றுக்கு நூறு!

பிரேசிலில் நட்டாலியா மோட்டாவும் சிடார்ட்டா ரிபெய்ரோவும் செய்தது இன்னும் சுவாரஸ்யம். கண்ட கனவைச் சொல்லச் சொல்லி, சொல்லுக்குச் சொல் கோடு போட்டு வலை மாதிரி வரைந்தார்கள். பித்தெழுச்சியில் இருப்பவர்களின் வலை திரும்பத் திரும்பத் தன்மேலேயே சுற்றிக்கொண்டு நிறைய முடிச்சோடு இருக்கிறது, மனச்சிதைவில் நேர்க்கோடாக, இணைப்புக் குறைவாக. நடந்த விஷயத்தைச் சொல்லச் சொன்னால் வித்தியாசம் அவ்வளவு தெரியவில்லை, கனவில் பளிச்சென்று தெரிந்தது. தமிழில் ஒரு ஆப் செய்தால் என்ன? குடும்பத்தினர் போனில் ரெக்கார்ட் செய்து ஏற்றினால் போதும்.

ஒரு_குரல்

என் பேச்சை என் வீட்டார் எனக்குத் தெரியாமல் ரெக்கார்ட் செய்து எங்கோ ஏற்றுகிறார்கள் என்று நான் பயந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அதை நீங்கள் ஆப்பாகவே செய்யப்போகிறீர்களா?

பைட்டு_பாண்டி

...இதை யோசிக்கவில்லை. சம்மதம் வாங்காமல் எதுவும் செய்யக்கூடாது, ஒப்புக்கொள்கிறேன்.

கணியன்

நூற்றுக்கு நூறு பற்றியும் ஒரு வார்த்தை. அந்த 34 பேரில் நோய் வந்தது 5 பேருக்கு. ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஊருக்கு விதி எழுத முடியாது. அதே குழுவினர் 2018இல் வேறு இடத்துப் பேச்சையும் சேர்த்துச் செய்தபோது 83 விழுக்காடு கிடைத்தது. மோசமில்லை, ஆனால் நூறு இல்லை. தமிழுக்கு வந்தால் முதல் தலைவலி பேச்சுத்தமிழ். மதுரைப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் நடுவில் பாதி ஆங்கிலமும் கலந்த ஒரு பேட்டியை, செய்தித்தாள் தமிழில் பழகிய நிரல் கேட்டால் பாண்டியண்ணே, அது நம்ம எல்லாரையும் அட்மிட் பண்ணிவிடும்.

டொராண்டோ_அம்மா

கனடாவிலிருந்து எழுதுகிறேன், யாழ்ப்பாணம்தான் ஊர். என் மகனுக்கும் இதே வருத்தம் (நோய்). மொழி கலப்பது பற்றிச் சொன்னபடியால் கேட்கிறேன். டாக்டரோடு இங்கிலீஷில் கதைக்கும்போது அவன் ஒழுங்காகக் கதைப்பான், கட்டையாக, ஆனால் ஒழுங்காக. வீட்டில் தமிழில் கதைக்கும்போதுதான் கோபம், சந்தேகம், கதை எங்கேயோ போகிறது எல்லாம். டாக்டருக்கு நான் சொன்னால், எனக்கு முன்னால் நல்லாத்தானே கதைக்கிறார் என்கிறார். நான் பொய் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது.

மருதாணி

நீங்கள் பொய் சொல்லவில்லை அம்மா, இது தெரிந்த விஷயம்தான். பின்னால் கற்ற மொழியில் பேசும்போது ஆள் நிதானமாக, யோசித்து, அளந்து பேசுவார், குட்டி வாக்கியமாக வரும், அதனால் குழப்பம் மறைந்துவிடலாம். தலைகீழாகவும் நடக்கும், தெரியாத மொழியில் தட்டுத்தடுமாறுவதை டாக்டர் நோய் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு மொழியிலும் பார்க்காமல் ஒரு முடிவுக்கு வரக்கூடாது. அடுத்த முறை தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், சொந்தக்காரரை வைத்து வேண்டாம், மகன் அவர் முன்னால் பேசமாட்டார். வீட்டில் மகன் சொன்னதை, நீங்கள் சுருக்காமல், அவர் சொன்ன வரிசையிலேயே நாலைந்து வாக்கியம் எழுதிக்கொண்டு போங்கள். "சம்பந்தமில்லாமல் கதைக்கிறான்" என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் கிடைக்காது.

தல்லாகுளத்தான்

எல்லாம் படித்தேன், நன்றி. ஒரு_குரல் சார் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சோம்பேறி என்ற வார்த்தை இன்றைக்கு வரவில்லை. மருதாணி அக்கா, மாத்திரையா நோயா என்ற கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது.

மருதாணி

இரண்டும் இருக்கலாம், மூன்றாவதாக மனச்சோர்வும் இருக்கலாம், எல்லாம் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பிரிப்பது டாக்டர் வேலை, ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். நடக்கும்போது கை வீசுகிறாரா, அல்லது உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு சின்ன அடியாக நடக்கிறாரா? விரல் நடுக்கம் உண்டா? முகம் இறுகி, கண் சிமிட்டுவது குறைந்திருக்கிறதா? பகலில் தூங்கி வழிகிறாரா? வாயில் எச்சில் ஊறிப் பேச்சு குழறுகிறதா (மனச்சிதைவுக்குக் கொடுக்கிற க்ளோசபின் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது ரொம்ப சகஜம்)? மாத்திரை மாற்றியதற்கோ அளவு கூட்டியதற்கோ பிறகு ஆரம்பித்ததா? இவற்றுக்கு ஆமாம் என்றால் மாத்திரைக்குப் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம், அளவைக் குறைக்கவோ வேறு மாற்றவோ டாக்டரால் முடியும். நாக்கோ கழுத்தோ திடீரென்று ஒரு பக்கம் இழுத்துக்கொண்டால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சாப்பாடு, தூக்கம் குறைந்து, எதற்கும் அழுகை, செத்துப்போகலாம் என்ற பேச்சு வந்தால் அது சோர்வு, அதையும் உடனே சொல்ல வேண்டும். ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம்.

இதெல்லாம் ஒன்றும் இல்லை, வறட்சி மட்டும் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் நோயின் பகுதி. அதற்கு மாத்திரையை விட, தினமும் ஏதாவது ஒரு வேலை, நாலு பேரைப் பார்க்கிற ஓர் இடம், சின்னக் குழுப் பயிற்சி, இதெல்லாம்தான் கொஞ்சம் கொஞ்சமாக உதவுகிறது. மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் ஓயாமல் குறை சொல்வது, சாப்பாடு ஊட்டாத குறையாக மேலே விழுந்து பார்த்துக்கொள்வது, இரண்டும் நோய் திரும்புவதைக் கூட்டும் என்று இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் காலத்திலிருந்து பல நாட்டில் பார்த்திருக்கிறார்கள். சண்டிகரில் பார்த்தபோது நம் குடும்பங்களில் அந்தக் குத்தல் பேச்சு லண்டனை விடக் குறைவாக இருந்தது. உங்கள் மாமாவை அங்கே கேட்டிருக்க மாட்டார்கள் போல.

தல்லாகுளத்தான்

:) மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு_குரல் சார், உங்களிடம் ஒன்று. தம்பியிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது? எதைக் கேட்கக்கூடாது?

ஒரு_குரல்

"என்ன யோசிக்கிற?" வேண்டவே வேண்டாம். "ஏன் பேச மாட்டேங்கிற?" அதைவிட மோசம். ஒரே நேரத்தில் இரண்டு கேள்வி கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள், திரும்ப அதையே வேறு வார்த்தையில் கேட்காமல். டீயா காபியா என்று கேட்டால் பதில் சொல்வது சுலபம், என்ன வேணும் என்று கேட்டால் கஷ்டம். டிவி ஓடும்போது கேட்காதீர்கள், இரண்டு பேச்சு ஒன்றாகிவிடும்.

கேள்வியே இல்லாமல் நீங்கள் உங்கள் கதையைச் சொல்லலாம். ஆபீசில் என்ன ஆச்சு, பெட்ரோல் போட எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று. பதில் எதிர்பார்க்காதீர்கள். எனக்கு என் அக்கா அப்படித்தான் செய்தாள், எவ்வளவோ நாள் நான் சும்மாதான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒருநாள் "அந்த மேனேஜர் லூசு" என்றேனாம். எனக்கு நினைவில்லை, அவள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

கிரிக்கெட் பார்ப்பாரா? சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.

தல்லாகுளத்தான்

கிரிக்கெட் இல்லை, கபடி.

ஒரு_குரல்

கபடியில் கமென்டரி ரொம்ப வேகம். சத்தத்தைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.